பழைய வேலையளைக் காட்டேக்க விடுற பிழையள்: வன்னியில வெப், அனிமேஷன் செய்யுற பிள்ளையளுக்கு

வன்னியில இப்ப கன பிள்ளையள் வெப்சைட் செய்யுறது, அனிமேஷன் செய்யுறது எண்டு தனியா நிண்டு உழைக்கினம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் எண்டு எங்க பார்த்தாலும் லப்டொப்போட இருந்து கனடாவில இருக்கிறவைக்கோ கொழும்புக் கொம்பனிக்கோ வேலை செய்து குடுக்கிற ஆரோ ஒராள் இருக்கினம். கைவேலை நல்ல வடிவாத் தெரியும். ஆனா "முன்னம் செய்த வேலையளை ஒருக்காக் காட்டுங்கோ" எண்டு கிளையண்ட் கேக்கேக்க அனுப்புற லிங்கிலதான் கன வேலை கைவிட்டுப் போகுது. என்னட்டயும் கனபேர் தங்கட போர்ட்ஃபோலியோவை, அதுதான் பழைய வேலையளைத் தொகுத்துக் காட்டுற பக்கத்தை, அனுப்பி பார்த்துச் சொல்லச் சொல்லிக் கேப்பினம், திரும்பத் திரும்ப அதே பிழையள்தான் கண்ணில படுது, அதால எல்லாத்தையும் ஒரே இடத்தில எழுதிவிடுறன்.

ஆகப் பெரிய பிழை, சந்தையில மீன் கூறு போட்ட மாதிரி படத்தை மட்டும் அடுக்கி விடுறது. ஒரு ஸ்கிரீன்ஷொட், கீழ கிளையண்ட்டின்ர பேர், முடிஞ்சுது. வாற ஆளுக்கு உங்கட கலர் தெரிவு முக்கியமில்லை, தன்ர பிரச்சினை மாதிரி ஒண்டை நீங்கள் முன்னம் தீர்த்திருக்கிறியளோ எண்டுதான் தேடுறார். பரந்தன் பக்கம் ஒரு அரிசி ஆலைக்கு வெப்சைட் செய்தனீங்கள் எண்டு வைப்பம். "அரிசி ஆலை, வேர்ட்பிரஸ்" எண்டு போட்டா வாசிக்கிறவருக்கு ஒண்டும் கிடைக்காது. இப்பிடி எழுதிப் பாருங்கோ: "விலை கேட்டு ஆலைக்கு நாள் முழுக்க போன் வந்தது, வெப்சைட்டில விலையை மாத்துறதெண்டா ஒவ்வொருக்காலும் முதல் செய்தவரைத் தேட வேண்டியிருந்தது. மொட்டைக்கறுப்பன், சம்பா, நாடு எண்டு ஒவ்வொண்டுக்கும் போனிலயே விலையைத் தட்டி மாத்துற மாதிரி ஒரு சின்னப் பக்கம் செய்து குடுத்தன், இப்ப ஆலையில கணக்கெழுதுற அக்காவே காலமையில மாத்துறா." நாலு வரிதான். ஆனா இதை வாசிக்கிற கடைக்காரர், விடுதிக்காரர், டியூட்டரி நடத்துறவர் எல்லாரும் தங்கட சோலியை அதுக்குள்ள காணுவினம்.

அனிமேஷனும் அப்பிடித்தான், இன்னும் கூட எண்டுதான் சொல்லுவன், ஏனெண்டா அனிமேஷனில நீங்கள் எடுத்த முடிவு வெளியில தெரியாது. எங்கட பக்கத்தில 2009க்குப் பிறகு மிதிவெடி அபாயக் கல்வி எண்டது பள்ளிக்கூடங்களில நடக்கிற ஒண்டு, அதுக்கு ஒரு குட்டி அனிமேஷன் செய்து குடுத்திருக்கிறியள் எண்டு எடுங்கோ. அந்த வீடியோவை மட்டும் போட்டுவிட்டா பாக்கிறவர் "ஓ, காட்டூன்" எண்டு அங்கால போயிடுவார். அதில வாற வெடிபொருளை ஏன் பளபளப்பா மினுங்க விடேல்லை எண்டு எழுதுங்கோ: மினுங்கினா சின்னப் பிள்ளைக்கு அது எடுத்துப் பாக்க வேண்டிய சாமானாத் தெரியும். பாத்திரம் ஏன் ஓடாம நிண்டு, வந்த வழியாலயே திரும்பிப் போகுது எண்டு எழுதுங்கோ: தொடாதே, கிட்டப் போகாதே, பெரியாக்களுக்கு அறிவி எண்டதுதான் அங்க படிப்பிக்கிற பாடம், ஓட்டம் காட்டினா பிள்ளையளும் ஓடும். இந்த ரெண்டு விளக்கமும் இருந்தா, உங்களுக்குக் கை மட்டுமில்லை யோசனையும் இருக்கு எண்டு கிளையண்டுக்கு விளங்கும்.

அடுத்தது, ஆர் எதைச் செய்தது எண்டு சொல்லாம விடுறது. மூண்டு பேர் சேர்ந்து செய்த வேலையை மூண்டு பேருமே தனித்தனியா "நான் செய்தது" எண்டு போடுகினம், ஒரே கிளையண்டுக்கு மூண்டு லிங்கும் போனா மூண்டு பேரின்ர பேரும் கெடும். "பாத்திரத்துக்கு ரிக் (அசைக்கிறதுக்கான எலும்புக்கூடு) போட்டதும் அசைவும் என்ர, பின்னணி ஓவியம் வேற ஆள்" எண்டு எழுதுறதில ஒரு குறையும் வராது. வாங்கின தீமில (ஆயத்த வெப்சைட் வடிவமைப்பில) செய்தா தீம் எண்டு சொல்லுங்கோ, டெம்ப்ளேட்டில செய்த கலியாண அழைப்பிதழ் வீடியோவெண்டா அதையும் சொல்லுங்கோ. அதே டெம்ப்ளேட்டை உலகம் முழுக்க ஆயிரம் பேர் வாங்கியிருப்பினம், கிளையண்டும் எங்கயாவது பார்த்திருப்பார்.

இப்ப நான் ஆகக் கவலைப்படுற விஷயத்துக்கு வாறன். அனுமதி.

வன்னியில நாங்கள் செய்யுற வேலையளில ஒரு பெரும் பங்கு தொண்டு நிறுவனங்களுக்குச் செய்யுறது. வாழ்வாதார உதவித் திட்டம், பெண் தலைமைத்துவக் குடும்பங்களுக்கான திட்டம், பயனாளிகள் விபரம் பதியுற சிஸ்டம். அதை முடிச்ச கையோட அட்மின் பக்கத்தை அப்பிடியே ஸ்கிரீன்ஷொட் எடுத்துப் போடுகினம், உள்ளுக்க பார்த்தா பேர், அடையாள அட்டை நம்பர், போன் நம்பர், கிராம சேவகர் பிரிவு எல்லாம் கிடக்குது. தயவுசெய்து இதைச் செய்யாதேங்கோ. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் எண்டு எங்கட நாட்டில ஒண்டு இருக்கு, அது ஒரு பக்கம். மற்றப் பக்கம், உதவி வாங்கின ஒரு அம்மாவின்ர விபரம் முழு உலகமும் பாக்கிற இடத்தில கிடக்கிறது மனுசத்தன்மையில்லை. மங்கலாக்கிப் போட்டன் எண்டு சில பேர் சொல்லுவினம், மெல்லிசா மங்கலாக்கின எழுத்தை திரும்பக் கண்டுபிடிக்க ஏலும். நல்ல வழி, அதே சிஸ்டத்தைத் தனியா ஒரு இடத்தில ஏத்தி, கற்பனைப் பேரும் கற்பனை நம்பரும் போட்டு அதை ஸ்கிரீன்ஷொட் எடுக்கிறது. அரை நாள் மினக்கெட்டாலும் பரவாயில்லை.

படங்களும் அப்பிடித்தான். காணாமல் ஆக்கப்பட்டவரின்ர படத்தோட நிக்கிற தாய், காலை இழந்த ஒரு ஐயா, பள்ளிக்கூட உடுப்போட பிள்ளையள், இதெல்லாம் அந்த நிறுவனத்தின்ர அறிக்கைக்கு எண்டு சம்மதம் வாங்கி எடுத்த படம். உங்கட போர்ட்ஃபோலியோவின்ர முகப்புக்கு எண்டு அவை சம்மதிக்கேல்லை. அந்த வெப்சைட்டைக் காட்டத்தான் வேணுமெண்டா ஆக்கள் இல்லாத பக்கமாப் பார்த்து எடுங்கோ. உண்மையான ஒராளின்ர முகத்தைப் பார்த்து வரைஞ்ச அனிமேஷன் பாத்திரத்துக்கும் இதே கதைதான், ஊருக்குள்ள பார்த்த உடனை ஆரெண்டு பிடிச்சிடுவினம்.

கிளையண்டிட்ட அனுமதி கேக்கிற நேரமும் முக்கியம். வேலை முடிஞ்சு ஒரு வருஷத்துக்குப் பிறகு கேட்டா அங்க வேற ஆள் இருப்பார், பதில் வராது. முதல் கொட்டேஷனிலயே ஒரு வரி போட்டுவிடுங்கோ: "வேலை முடிஞ்ச பிறகு இதை என்ர பழைய வேலையளோட சேர்த்துக் காட்டலாம், காட்டக்கூடாத பகுதி இருந்தா இப்பவே சொல்லுங்கோ." ரகசியம் காக்கிறதா கையெழுத்து வைச்ச வேலையெண்டா பேரும் லோகோவும் போடாம, "வெளிநாட்டுக் கல்வி நிறுவனம் ஒண்டு" எண்டளவில பிரச்சினையையும் தீர்வையும் மட்டும் எழுதலாமோ எண்டு கேளுங்கோ. அதுக்கும் ஏலாதெண்டா விட்டிடுங்கோ.

தமிழ் எழுத்து. இதில பிழை விட்டா எனக்கு உண்மையாவே வயித்தெரிச்சல் வரும், ஏனெண்டா எங்களைத் தேடி வாற கிளையண்ட் கனபேர் வாறதே தமிழில வடிவாச் செய்து தருவினம் எண்டு நம்பித்தான். எழுத்து ஒவ்வொண்டா வந்து விழுற அனிமேஷனைப் பாருங்கோ. ஆங்கிலத்துக்கு எழுதின புரோகிராம் கோட்-ஐ (code) அப்பிடியே எடுத்து "கிளிநொச்சி" எண்ட சொல்லுக்குப் போட்டா என்ன நடக்குது தெரியுமோ, எங்கட கண்ணுக்கு அது 5 எழுத்து, யுனிகோட்டில (கொம்பியூட்டர் எழுத்துகளைச் சேமிக்கிற பொது முறையில) அது 10 துண்டு. க வேற, அதின்ர விசிறி (ி) வேற, ந வேற, அதுக்கு முன்னும் பின்னும் நிக்கிற கொம்பும் காலும் வேற, ச்சுக்கு மேல இருக்கிற குற்றும் வேற. கோட் அதை 10 ஆக வெட்டி ஒவ்வொண்டா விழுத்தும், புள்ளி வட்டத்தோட விசிறியும் கொம்பும் தனியா வந்து ஆடும். இதைத் தங்கட முகப்பிலயே போட்டு வைச்சிருக்கிற ஆக்களைக் கண்டிருக்கிறன். ஜாவாஸ்கிரிப்ட்டில இன்ட்ல் செக்மென்டர் (Intl.Segmenter) எண்டு ஒண்டு இருக்கு, இப்ப எல்லா முக்கிய பிரவுசரிலயும் வேலை செய்யும், அதைப் பாவிச்சா கி, ளி, நொ, ச், சி எண்டு சரியாப் பிரிச்சுத் தரும். இல்லாட்டி சொல்லுச் சொல்லா விழுத்துங்கோ, அது இன்னும் வடிவு.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் எண்ட அனிமேஷன் சொஃப்ட்வெயரில கொம்பு எழுத்துக்குப் பின்னால போய் நிக்குதெண்டா டைப் செட்டிங்கில தெற்காசிய எழுத்துக்குரிய எஞ்சினைத் தெரிவு செய்யோணும், தனித்தனியா இழுத்து ஒட்டி மினக்கெடத் தேவையில்லை. லொட்டியில (வெப்சைட்டில ஓடுற பாரம் குறைஞ்ச அனிமேஷன் ஃபைல் வகையில) எக்ஸ்போர்ட் பண்ணுறதெண்டா தமிழ் எழுத்தை முதல் ஷேப்பா மாத்திப்போட்டுப் பண்ணுங்கோ. பிறகு பாமினி எண்ட பழைய தமிழ் ஃபொண்ட். பழைய நோட்டீஸ், கோயில் மலர் எல்லாம் பாமினியில அடிச்சுக் கிடக்கும், அதை அப்பிடியே வெட்டி வெப்சைட்டில ஒட்டினா அந்த ஃபொண்ட் இல்லாத போனில ஆங்கில எழுத்தும் குறியளுமா ஒரு குவியல்தான் தெரியும், கூகிளிலயும் தேடிக் கிடைக்காது. யுனிகோட்டுக்கு மாத்தி, மாத்தின பிறகு ஒருக்கா எழுத்துப் பிழை பார்த்து, பிறகு போடுங்கோ.

பாரம் கூடின பக்கம் எண்டது அடுத்த கரைச்சல். மல்லாவியிலயோ ஒட்டுசுட்டானிலயோ ரெண்டு கோட்டுச் சிக்னலில உங்கட பக்கத்தைத் திறந்து பாருங்கோ. பக்கத்தின்ர முக்கியமான பெரிய பகுதி 2.5 செக்கனுக்குள்ள தெரியோணும் எண்டுதான் கூகிள் சொல்லுது, கன போர்ட்ஃபோலியோவில முதல்ல சுத்துற வட்டம்தான் தெரியுது. அனிமேஷனை ஜிஃப்பாப் போடாதேங்கோ, 256 கலருக்கு மேல அதில நிக்காது, சைஸும் பயங்கரமாக் கூடும், அதையே எம்பி4 ஆப் போட்டா ஒரு சின்னப் பங்குதான் வரும். சத்தத்தோட தானா ஓடுற வீடியோவை 2018 இலயே குரோம் மறிக்கத் தொடங்கீட்டுது, அதால சத்தத்தை நிப்பாட்டி ஓட விட்டு, வேணுமெண்டா பாக்கிறவர் தட்டிக் கேக்கட்டும். ஒரு செக்கனுக்குள்ள மூண்டு தரத்துக்கு மேல பளிச்சுப் பளிச்செண்டு வெட்டுற காட்சி வலிப்பு வருத்தம் உள்ள ஆக்களுக்கு ஆபத்து, கோயில் திருவிழா வீடியோக்களில வாணவேடிக்கை எஃபெக்ட் போடேக்க இதைக் கட்டாயம் கவனியுங்கோ.

ஷோரீல், அதுதான் நல்ல காட்சியளைத் தொகுத்த வீடியோ, ஒரு நிமிஷம் காணும், ஆகச் சிறந்ததை முதல் பத்துச் செக்கனுக்குள்ள வைச்சிடுங்கோ. சினிமாப் பாட்டைப் பின்னுக்குப் போட்டா யூடியூப் பிடிச்சு சத்தத்தை வெட்டவும் கூடும், வீடியோவையே மறிக்கவும் கூடும், கிளையண்ட் பாக்கிற நேரம் பார்த்து வெறும் பக்கம் தெரியலாம்.

செத்துப்போன லிங்க் பற்றியும் சொல்லோணும். டொமைனை வருஷா வருஷம் புதுப்பிக்காம விட்டா வேற ஆரும் எடுத்திடுவினம், நீங்கள் செய்த பள்ளிக்கூட வெப்சைட் எண்டு தட்டினா சூதாட்டப் பக்கம் வந்து நிக்கும், கிளையண்ட் அதை உங்கட கணக்கிலதான் எழுதுவார். வேலையை ஒப்படைக்கிற அண்டைக்கே முழுப் பக்கத்தையும் ஸ்கிரீன் ரெக்கோடிங் எடுத்து, ஃபைல் எல்லாத்தையும் உங்களிட்ட ஒரு கொப்பி வையுங்கோ. ஃபிளாஷ் எண்ட பழைய சொஃப்ட்வெயரில செய்த அனிமேஷன் வைச்சிருக்கிற அண்ணைமார், அக்காமார் இன்னும் இருக்கினம். 2020 டிசம்பர் 31ஓட அடோபி ஃபிளாஷைக் கைவிட்டு, 2021 ஜனவரி 12இல இருந்து அது ஓடாத மாதிரி மறிச்சும் போட்டுது. பழைய ஃபைல் கிடந்தா ரஃபிள் எண்ட சொஃப்ட்வெயரில திறந்து ஓட விட்டு வீடியோவா எடுத்து வையுங்கோ, அந்தக் காலத்து வேலை அழிஞ்சு போக விடாதேங்கோ.

இல்லாத கிளையண்டை இருக்கிறதாக் காட்டுறது, "விற்பனை மூண்டு மடங்கு கூடினது" எண்டு கையால ஒரு எண்ணை எழுதுறது, பாராட்டுக் கடிதத்தைத் தாங்களே எழுதுறது, இதுகளைப் பற்றிக் கனக்க எழுத மனமில்லை, செய்யவே கூடாது. தொடக்கத்தில கிளையண்ட் இல்லாட்டி ஊர் சனசமூக நிலையத்துக்கோ விளையாட்டுக் கழகத்துக்கோ ஒரு நல்ல பக்கம் செய்து "காசு வாங்காமச் செய்தது" எண்டு வெளிப்படையாப் போடுங்கோ. ஆரும் கேக்காமச் செய்ததெண்டா "பயிற்சிக்காகச் செய்தது" எண்டு போடுங்கோ. அப்பிடி நேர்மையாப் போட்ட ஒரு வேலையைப் பார்த்து வேலை குடுத்த கிளையண்ட்மாரை எனக்குத் தெரியும்.

எத்தினை வேலையைப் போடுறது எண்டு கேப்பினம். ஆறு, எட்டுக்கு மேல ஒருத்தரும் பொறுமையாப் பாக்க மாட்டினம். வெப்பையும் அனிமேஷனையும் ஒண்டுக்க ஒண்டு கலக்காம ரெண்டாப் பிரிச்சு, ரெண்டும் சேர்ந்த வேலை இருந்தா அதை மேல வையுங்கோ, ரெண்டும் தெரிஞ்ச ஆள் கிடைக்கிறது அவைக்கும் லேசில்லை. ஒவ்வொண்டிலயும் செய்த வருஷத்தைப் போடுங்கோ. அடியில வட்ஸ்அப் நம்பரோட எந்த நேரம் எடுக்கலாம் எண்டதையும் இலங்கை நேரத்திலயும் கிளையண்டின்ர நேரத்திலயும் எழுதுங்கோ, டொரன்டோவுக்கும் எங்களுக்கும் கோடையில ஒன்பதரை மணித்தியாலம், பனிக்காலத்தில பத்தரை வித்தியாசம், அங்க இருக்கிற கிளையண்ட் வேலையால வந்து பின்னேரம் ஏழு மணிக்கு எடுத்தா கோடையில இஞ்ச விடியக்காலமை நாலரை.