ஆணியும் பசையும் இல்லாத சப்பாத்திப் பலகை

பண்ருட்டிப் பலாவின் மஞ்சளும் பூவரசின் கருஞ்சிவப்பும் ஒட்டி நின்றால் சாயமே வேண்டாம். கடலூர் முதுநகரில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நான் செய்கிற பலகைக்கு இந்த இரண்டு மரம்தான். பலா, 2011 டிசம்பர் 30-இல் அடித்த தானே புயலில் சித்தப்பா தோப்பில் சாய்ந்தது. பல வருடம் கட்டிலுக்கு அடியில் கிடந்து காய்ந்தது. பூவரசு வாய்க்கால் கரை மரம். வெளிறிய ஓரத்தைக் கழித்துவிட்டு வைரத்தை, அதாவது கெட்டியான நடுமரத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

பலகை 12 அங்குல நீளம், 10 அகலம், 1 கனம். மரத்தின் ரேகை நீளவாக்கில் ஓடட்டும். அடியில் குறுக்காக இரண்டு பூவரசுச் சட்டம்; வளையாமல் பிடிப்பதும் அவைதான், காலும் அவைதான்.

முதல் பலகையில் சட்டம் முழுக்கப் பசை தடவி ஒட்டினேன். கத்திரி வெயிலில் ஒரு மதியம் 'டப்' என்று நடுவே பிளந்தது. மரம் நீளத்தில் அசையாது. அகலத்தில்தான் மழைக்கு ஊறும், வெயிலுக்குச் சுருங்கும். குறுக்குச் சட்டம் அதற்கு வழி விட வேண்டும், ஆனால் கழன்று விழவும் கூடாது. அதற்குத்தான் புறாவால் காடி, அதாவது புறாவின் வால் போல விரிந்த பள்ளம்: வாய் குறுகல், அடி அகலம்.

காடியின் ஆழம் 3 நூல் (எட்டு நூல் ஓர் அங்குலம்). வாய் ஒரு முனையில் 10 நூல், மறுமுனையில் 9. இந்த ஒரு நூல் வித்தியாசம்தான் சட்டத்தை இறுக்குகிறது. பக்கச் சுவர் 6-க்கு 1 சரிவு, அதாவது 6 நூல் ஆழத்துக்கு 1 நூல் சாய்வு. கண்ணை நம்பாதீர்கள், அந்தச் சரிவில் ஒரு கட்டையை இழைத்துக்கொண்டு, அதில் ரம்பத்தைச் சாய்த்து அறுங்கள். இரண்டு சுவரும் அறுத்த பிறகு உளியால் இரு ஓரத்திலிருந்தும் நடுவை நோக்கிக் குடையுங்கள். ஒரே பக்கமாகத் தள்ளினால் மறு ஓரம் பிய்ந்துவிடும். இரண்டாவது காடியின் அகல முனை எதிர்ப்பக்கம் இருக்கட்டும்.

சட்டத்தை 12 அங்குலமாகவே வைத்து, அதே சரிவில் இழையுங்கள். நிறுத்தி நிதானமாக, இரண்டு சீவலுக்கு ஒரு முறை காடியில் நுழைத்துப் பார்க்க வேண்டும். கையால் தள்ளும்போது கடைசி ஓர் அங்குலத்தில் நிற்க வேண்டும். முழுக்கப் போய்விட்டால் அது விறகு. அப்புறம் கொட்டாப்புளியால், அதாவது மரச் சுத்தியலால் தட்டுங்கள். முதலில் மந்தமாகக் கேட்கும் சத்தம் இறுகியதும் 'டக்'கென்று மாறும். அங்கே நிறுத்திவிடுங்கள். மிச்சத்தை ஓரத்திலிருந்து ஒரு நூல் உள்ளே தள்ளி அறுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வெயில் காலத்தில் பலகை சுருங்கி, சட்டம் வெளியே துருத்தும்.

புதுப் பலா சாயம் விடும். என் வெள்ளை வேட்டியில் இன்னும் ஒரு மஞ்சள் கறை இருக்கிறது. ஈரத்துணியில் மஞ்சள் வராத வரை துடைத்துக் காயவையுங்கள். பிறகு சாப்பிடத் தகுந்த ஆளி விதை எண்ணெய், மெல்லிய பூச்சாக. பெயின்ட் கடையில் விற்பது வேண்டாம், அதில் உலர்த்தும் மருந்து கலந்திருக்கும். எண்ணெய்த் துணியைக் கசக்கிப் போடாமல் விரித்துக் காயவையுங்கள். சுருட்டிக் கிடந்தால் தானாகவே தீப்பிடிக்கும்.

சட்டம் தளர்ந்தால் அகல முனையில் ஒரு தட்டு போதும். என் மனைவி அதற்கு அம்மிக் குழவியை எடுக்கிறாள். நான் பார்க்காத மாதிரி இருந்துவிடுகிறேன்.