மலக்குடல் அழற்சி: மூலம் என்று நினைத்து விடும் பிழைகள்

மலத்தோடு இரத்தம் போனால் நம்ம ஊர்ப் பக்கம் முதலில் வரும் பேச்சு மூலம்தான். பாமசியில் ஒரு களிம்பு வாங்கிப் பூசுவதிலேயே மாதங்கள் ஓடிவிடும். மூலத்தில் பெரும்பாலும் மலம் போன பிறகு சிவப்பாய்ச் சொட்டும். இரத்தத்தோடு சளியும் வந்து, அடிக்கடி முட்டி, மலசலகூடத்தில் இருந்தால் ஒரு கரண்டி சீதம் மட்டும் போனால், குடலின் கடைசி 12–15 சென்ரிமீற்றரான மலக்குடலில் அழற்சி இருக்கலாம். களுவாஞ்சிகுடியோ கல்முனையோ, பக்கத்து ஆதார வைத்தியசாலையில் காட்டுங்கள். மலப் பரிசோதனையும் குழாய்க் கமரா பார்ப்பதும் இல்லாமல் காரணம் பிடிபடாது.

காரணம் தெரியாமல் ஸ்டீரொயிட் எடுப்பது ஆபத்து. அமீபா என்ற கிருமி இருந்தால் குடலில் ஓட்டையே விழலாம். உடலுறவு வழித் தொற்றும் ஒரு காரணம். வெட்கப்பட்டு மறைத்தால் துணைக்கும் மருந்து கிடைக்காது, தொற்று திரும்பும். கர்ப்பப்பை வாய், புரொஸ்டேட் புற்றுநோய்க்குக் கதிர் வைத்தவர்கள், அது பல வருடத்துக்கு முந்தியதென்றாலும், கமராவுக்கு முன்பே சொல்லுங்கள். கதிர் பட்ட இடத்தில் பரிசோதனைக்குச் சதை எடுத்தால் காயம் ஆறுவது கடினம்.

இன்னொரு காரணம், குடலின் உள்தோலில் புண் உண்டாக்கும் நீண்டகால நோயான புண்ணுள்ள பெருங்குடல் அழற்சி. அது மலக்குடலோடு நின்றிருந்தால், வழமையாக இரவில் 1 கிராம் மெசலசீன், மலவாசலுக்குள் வைக்கும் குளிசையாகத் தருவார்கள். கூச்சத்தில் 'வாயால் குடிக்கும் குளிசை போதும்' என்பவர்கள் அதிகம். புண் இருக்கும் இடத்திலேயே கரைவதுதான் கூடுதலாக வேலை செய்யும். மட்டக்களப்பு வெயிலில் இந்த உள்ளே வைக்கும் குளிசை இளகிப்போகும். உறை பிரிக்காமல் சில நிமிடம் குளிர்தண்ணீரில் போட்டு எடுங்கள். மலம் கழித்துவிட்டு இடப்பக்கம் சரிந்து, வலது முழங்காலை மடித்து, முனையைத் தண்ணீரில் நனைத்து, இறுக்கமான வளையத்தைத் தாண்டும்வரை விரலால் தள்ளுங்கள். வாசலிலேயே விட்டால் வழுகி வெளியே வரும். 10 நிமிடத்துக்குள் வந்துவிட்டால் இன்னொன்று வைக்கலாம். துணியில் கறை பிடிக்கும், பழைய சாரம் உடுத்துங்கள்.

இரத்தம் நின்றதும் மருந்தை நிறுத்துவதுதான் நாம் அதிகம் காணும் பிழை. உள்தோல் ஆற அதைவிட வாரங்கள் கூடுதலாகும். குறைப்பதை கிளினிக்கில் முடிவெடுக்கட்டும்.

வலிக்கு டைக்லோபெனாக் வேண்டாம், நோயைக் கிளப்பிவிடும், பனடோல் போதும். கொச்சிக்காய் எரிச்சலைக் கூட்டினால் குறையுங்கள், ஆனால் பத்தியமும் எருமைத் தயிரும் மருந்துக்குப் பதிலாகாது.

நாளுக்கு 6 தடவை அல்லது அதற்கு மேல் இரத்தத்தோடு போய், காய்ச்சலோ தலைச்சுற்றோ இருந்தால் கிளினிக் நாளைப் பார்த்திருக்காமல் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.