வெட்டியெடுத்த அமெரிக்க காமிக் ஸ்ட்ரிப்புக்குத் தேதி கண்டுபிடிப்பது எப்படி?

பழைய செய்தித்தாள் காமிக் துண்டு ஒன்று கையில் கிடைத்தால் எல்லோரும் முதலில் தேடுவது ஓவியரின் கையெழுத்தை. அதைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள். பல தலைமுறை ஓடிய தொடர்களில் கையெழுத்துதான் அதிகம் ஏமாற்றும்.

முதலில் கட்டங்களுக்கு இடையிலுள்ள வெள்ளை இடுக்கை லென்ஸ் வைத்துப் பாருங்கள். சிண்டிகேட்டின் (தொடரைப் பல பத்திரிகைகளுக்கு விற்கும் நிறுவனம்) பெயரும் காப்புரிமை ஆண்டும் பொடி எழுத்தில் இருக்கும். பல தொடர்களில் 3-4 என்பதுபோல் ஓர் எண்ணும் இருக்கும், அதுதான் வெளியாக வேண்டிய தேதி. அமெரிக்காவில் மாதம் முன்னால் வரும் என்பதால் இது மார்ச் 4. நம் பழக்கத்தில் ஏப்ரல் 3 என்று படித்துவிட்டால், அதன்பின் போடும் கணக்கெல்லாம் வீண்.

ஆண்டு இருக்கும் ஓரத்தைக் கத்தரிக்கோல் தின்றிருந்தால் கிழமை கைகொடுக்கும். தினசரி ஸ்ட்ரிப் திங்கள் முதல் சனி வரைதான் வரும். ஞாயிறன்று தனியாக வண்ணப் பக்கம். 1951, 1956, 1962 ஆகிய ஆண்டுகளில் மார்ச் 4 ஞாயிற்றுக்கிழமை. எனவே 3-4 என்று போட்ட தினசரித் துண்டு அந்த ஆண்டுகளைச் சேர்ந்ததாக இருக்க முடியாது. மிச்சமுள்ள ஆண்டுகளைத் துண்டின் பின்பக்கம் குறைத்துத் தரும்: சினிமா விளம்பரம், விளையாட்டு முடிவு, டிவி நிகழ்ச்சி நிரல். இதற்காகவே துண்டை ஆல்பத்தில் பசைபோட்டு ஒட்டக் கூடாது.

ஞாயிறு பக்கங்களில் வேறொரு சிக்கல். ஒரே பக்கத்தைப் பத்திரிகைகள் இடத்துக்கேற்ப முழுப்பக்கமாகவோ அரைப்பக்கமாகவோ அதைவிடச் சிறிதாகவோ அச்சிடும். பீநட்ஸ் ஞாயிறு ஸ்ட்ரிப்பின் மேல்வரிசையை வெட்டினாலும் நகைச்சுவை கெடாதபடிதான் சார்லஸ் ஷூல்ஸ் வரைந்தார். மேல்வரிசை இல்லையென்றால் துண்டு கிழிந்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். இந்த வகையில் தேதி சொல்ல மிகச் சுலபமானது பிரின்ஸ் வேலியன்ட். ஞாயிறு மட்டுமே வந்த தொடர், பக்கத்துக்குப் பக்கம் வரிசை எண் உண்டு. எண்ணில் ஒன்றைக் கழித்து 7-ஆல் பெருக்கி, வரும் நாட்களை 14 பிப்ரவரி 1937-உடன் கூட்டுங்கள். 1788-ஆம் பக்கத்துக்கு 12,509 நாட்கள். விடை 16 மே 1971.

எண்ணும் ஆண்டும் இல்லையென்றால் கதைதான் சாட்சி. கேசோலின் ஆலி என்ற தொடரில் பாத்திரங்களுக்கு உண்மையாகவே வயது ஏறும். அதில் வரும் வால்ட் என்பவரின் வீட்டு வாசலில் 14 பிப்ரவரி 1921 அன்று கிடந்த குழந்தை ஸ்கீசிக்ஸ், இரண்டாம் உலகப்போர் வந்தபோது ராணுவ உடையில் நிற்கிறான். அவன் வயதைக் கணித்தாலே ஆண்டு ஏறக்குறைய பிடிபடும். துப்பறியும் தொடர் நாயகன் டிக் டிரேசியின் மணிக்கட்டில் ரேடியோ இருந்தால் 1946 அல்லது அதற்குப் பின். பிளாண்டி தொடரில் பிளாண்டியும் டாக்வுட்டும் தம்பதியாக இருந்தால் 17 பிப்ரவரி 1933-க்கு முன் போக முடியாது.

இப்போது கையெழுத்துக்கு வரலாம். பிளாண்டியில் சிக் யங் பெயர் இருந்தாலும், பல ஆண்டுகள் படம் வரைந்தவர் ஜிம் ரேமண்ட். காட்சன்ஜாமர் கிட்ஸ் இன்னும் குழப்பம். படைத்த ருடால்ஃப் டர்க்ஸ் வழக்குக்குப் பின் அதே பாத்திரங்களை வேறு தலைப்பில் வேறிடத்தில் வரைய, பழைய தலைப்பில் ஹெரால்ட் நெர் 1914 முதல் வரைந்தார். ஒரே முகங்கள், இரண்டு தொடர்கள்! தலைப்பைப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது. கையெழுத்து நேராக உதவுவது ரிப் கெர்பி தொடரில். 1946-ல் தொடங்கிய அலெக்ஸ் ரேமண்ட் 1956 செப்டம்பரில் கார் விபத்தில் இறந்தார், பின்னால் வந்தவை ஜான் பிரென்டிஸுடையவை. வேதாளன் (ஃபேண்டம்) கதைகளில் கதாசிரியர் லீ ஃபாக் பெயர் 1936 முதல் நிரந்தரம் என்பதால் ஓவிய பாணியைத்தான் பார்க்க வேண்டும்; ஓவியர் சை பாரியின் அழுத்தமான தூரிகைக் கோடு 1961 முதல் 1994 வரையிலான காலத்தைக் காட்டும்.

நம் வீட்டுப் பரணில் கிடக்கும் இந்திரஜால் காமிக்ஸை வைத்து மூலத் தேதியைத் தேடாதீர்கள். கட்டங்களைப் புத்தக அளவுக்கு மாற்றி அடுக்கியிருப்பார்கள், இடப்பெயர்களும் மாறியிருக்கும்.

தேதி பிடிபட்டதும் பழைய செய்தித்தாள் ஸ்கேன்களில் ஒப்பிடுங்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் கிரானிக்ளிங் அமெரிக்கா என்ற இணையத் தொகுப்பு இலவசம். ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் பில்லி அயர்லாந்து நூலகத்தில் சேகரிப்பாளர் பில் பிளாக்பியர்ட் சேர்த்த செய்தித்தாள் மலையே இருக்கிறது.

துண்டை 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யும்போது மேலே கறுப்பு அட்டை ஒன்றை வையுங்கள், பின்பக்க அச்சு படத்தில் ஊடுருவித் தெரியாது. செலோ டேப் வேண்டவே வேண்டாம், பசை மஞ்சளாகித் தாளையும் கெடுக்கும். பாலியெஸ்டர் உறையில் வைத்து, தேதியை உறைமேல் ஒட்டும் சீட்டில் எழுதுங்கள். தாள்மேல் பேனா படக் கூடாது.