கியோட்டோவில் வழி கண்டுபிடிப்பது எப்படி?

794-இல் கியோட்டோவை ஜப்பானின் தலைநகராக்கியபோது, சீனத்துச் சாங்ஆன் நகரைப் பார்த்துக் கட்டம் கட்டமாகத் தெரு போட்டார்கள். நகரின் நடுப்பகுதி இன்றைக்கும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கிறது. வடக்கு எது என்று தெரிந்து, ஆறேழு தெருப்பெயர் நினைவில் இருந்தால் கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டு நடக்கலாம்.

படி 1: வடக்கைக் கண்டுபிடியுங்கள்

ரயில் நிலையம் நகரின் தென்பக்கம் இருக்கிறது. கரசுமா வாசல் வழியாக வெளியே வந்தால் எதிரே 131 மீட்டர் உயரக் கியோட்டோ கோபுரம். அந்தப் பக்கம்தான் வடக்கு. ஹாச்சிஜோ வாசலில் வந்துவிட்டால் தெற்கே பார்த்து நிற்கிறீர்கள் என்று பொருள்.

ஊருக்குள் போன பிறகு மலையைப் பாருங்கள். கிழக்கு, வடக்கு, மேற்கு மூன்றிலும் மலை; வெட்டவெளியாகத் தெரிவது தெற்கு. மேகம் மூடியிருந்தால் கமோ ஆற்றங்கரைக்குப் போங்கள். தண்ணீர் தெற்கு நோக்கி ஓடும்.

படி 2: தெருப்பெயர்கள்

கரசுமா தெரு நிலையத்துக்கு எதிரிலிருந்து வடக்கே போகிறது. அதைக் குறுக்கே வெட்டும் கிழக்கு மேற்குத் தெருக்களில் பல, எண்ணையே பெயராகக் கொண்டவை: நிஜோ (2), சன்ஜோ (3), ஷிஜோ (4), கோஜோ (5) என்று குஜோ (9) வரை. எண் கூடக் கூடத் தெற்கே போகிறீர்கள். ரயில் நிலையம் 7-க்கும் 8-க்கும் நடுவில்.

இடையில் எண் இல்லாத தெருக்களும் உண்டு. உள்ளூர்க் குழந்தைகள் அவற்றை ஒரு பழைய பாட்டாகவே கற்கிறார்கள். "மாரு தாகே எபிசு நி ஒஷி ஒய்க்கே" என்று வடக்கிலிருந்து தெற்காகத் தெருப்பெயர்களின் முதல் அசைகள் வரிசையாக வரும். முதல் வரியை மட்டுமாவது மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

படி 3: முகவரியைப் படிப்பது

எனக்கு இந்த ஊரில் மிகப் பிடித்த விஷயம் இதுதான். இங்கே முகவரியே வழி சொல்லிவிடும். முதலில் இரண்டு தெருப்பெயர். அவை சேரும் முனையில் போய் நிற்க வேண்டும். அடுத்து வருவது திசை:

அகாரு (ஏறு): வடக்கே போ
சகாரு (இறங்கு): தெற்கே போ
ஹிகாஷி இரு: கிழக்கே போ
நிஷி இரு: மேற்கே போ

அந்த 'இரு' நம்முடைய 'இரு' அல்ல. 'நுழை' என்று பொருள். ஏறு, இறங்கு என்பதும் வெறும் வழக்கு அல்ல, நிலமே வடக்கில் உயர்ந்து தெற்கில் தாழ்கிறது. மேற்கே உயர்ந்து கிழக்கே சரியும் நிலத்தில் வாழ்ந்த நம்மவர்கள் மேல், கீழ் என்பதிலிருந்து மேற்கு, கிழக்கு என்று சொல் அமைத்தார்களே, அதே போலத்தான்.

மாநகராட்சிக் கட்டடத்தின் முகவரியைப் பாருங்கள்: தெராமாச்சி தெரு, ஒய்க்கே அகாரு. தெராமாச்சியும் ஒய்க்கேயும் சேரும் முனைக்குப் போய் வடக்கே திரும்பினால் வலப்பக்கம் அந்தக் கட்டடம். ஹொன்னோஜி கோயிலுக்கும் அதே முனைதான், ஆனால் சகாரு. தெற்கே போக வேண்டும். (படைத்தலைவர் ஓதா நொபுநாகா 1582-இல் ஹொன்னோஜியில் மாண்டது இந்த இடத்தில் அல்ல. கோயிலைப் பின்னால்தான், அவருக்குப் பின் ஆட்சியைப் பிடித்த ஹிதெயோஷி இங்கே மாற்றினார்.)

எழுத்து தெரியாவிட்டாலும் பாதகமில்லை. கோட்டின் மேல் செடி முளைத்தது போல இருந்தால் அகாரு. கோட்டிலிருந்து கீழே தொங்கினால் சகாரு.

படி 4: இடமும் வலமும்

நகரின் வட்டங்களில் ஒன்றான சாக்கியோ என்றால் இடப்பக்கத் தலைநகர். ஆனால் வரைபடத்தில் அது வலப்பக்கம், அதாவது கிழக்கே இருக்கும். அரண்மனையில் தெற்கே பார்த்து அமர்ந்த பேரரசருக்குக் கிழக்கு இடக்கைப் பக்கம் அல்லவா? வெள்ளி மண்டபக் கோயிலான கின்காகுஜி (Ginkaku-ji) சாக்கியோவில், அராஷியாமா பகுதி வலப்பக்கமான உக்கியோ வட்டத்தில்.

படி 5: சுரங்க ரயில்

இரண்டே தடங்கள். கரசுமா தடம் வடக்கு தெற்காகவும், தோசாய் தடம் கிழக்கு மேற்காகவும் போகின்றன. 'தோசாய்' என்ற சொல்லுக்கே கிழக்கு மேற்கு என்றுதான் பொருள். இரண்டும் சேரும் நிலையத்தின் பெயர் கரசுமா ஒய்க்கே, அதாவது அந்த முனையின் பெயரேதான்.

ஒரே ஒரு குழப்பம். ஷிஜோவும் கரசுமாவும் சேரும் முனையில் சுரங்க ரயில் நிலையத்துக்குப் பெயர் ஷிஜோ. அதை ஒட்டியே இருக்கும், ஹன்கியூ என்ற தனியார் ரயிலின் நிலையத்துக்குக் கரசுமா. ஒரே முனை, ஆளுக்கொரு தெருப்பெயர். கெய்ஹான் என்ற இன்னொரு தனியார் தடத்தின் கியோன் ஷிஜோ நிலையமோ ஆற்றுக்குக் கிழக்கே தள்ளி இருக்கிறது.

முதல் நாள் பயிற்சிக்கு ஷிஜோ கரசுமா முனையில் நின்று மலை அருகில் தெரியும் கிழக்குப் பக்கம் நடங்கள். தெராமாச்சியைக் கடந்து, ஆற்றுப் பாலம் தாண்டிக் கியோன் என்ற பகுதி வரும். தெரு முடிகிற இடத்தில் எதிரே யாசகா ஆலயத்தின் செந்நிற வாசல். திரும்பி வர, மலைக்கு முதுகைக் காட்டி நடந்தால் போதும்.