உதவித்தொகை நிதி திரட்ட 90 நொடி வீடியோ: போனிலேயே எடுக்கலாம்

கேமராவைத் திறக்கும் முன் ஒரு தாளில் எழுதுங்கள்: பணம் எதற்கு, எவ்வளவு? 'அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன்னு மாசம் 1,000 ரூபாய் வருதே?' என்று முன்னாள் மாணவர் குழுவில் யாராவது கட்டாயம் கேட்பார். மெஸ் பில்லா, லேப்டாப்பா, அந்த 1,000 போக எவ்வளவு இடிக்கிறது என்ற பதில் முதல் 20 நொடிக்குள் வந்துவிட வேண்டும்.

ஒரே ஒருவர் பேசினால் போதும். ஐந்து பேரை வரிசையாகப் பேச வைத்தால் யார் முகமும் மனதில் நிற்காது. ஏற்கெனவே உதவி பெற்று இப்போது கல்லூரியில் இருப்பவர் சிறந்த தேர்வு. 18 வயது ஆகாதவர் என்றால் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். எங்கெல்லாம் பகிரப்போகிறீர்கள் என்பதும் அதில் இருக்கட்டும்.

பெரும்பாலான வீடியோக்கள் சொதப்புவது ஒலியில்தான். படம் சுமாராக இருந்தாலும் பார்ப்பார்கள், பேச்சு புரியாவிட்டால் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். ஃபேனை அணையுங்கள். பீரியட் பெல் அடிக்கும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். காலர் மைக்கை கழுத்துக்கு ஒரு சாண் கீழே குத்துங்கள். துப்பட்டா அதில் உரசக் கூடாது. மைக்கைச் செருகியும் போன் தன் சொந்த மைக்கிலேயே பதிவு செய்வது உண்டு. அதனால் ரெக்கார்டு போட்டு, மைக்கை நகத்தால் இரண்டு தட்டு தட்டி, ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். 'டொக் டொக்' பெரிதாகக் கேட்டால் சரி. மைக் இல்லையா? இன்னொரு போனில் வாய்ஸ் ரெக்கார்டரை ஓடவிட்டு மேசையில், அவர் அருகே வையுங்கள். தொடக்கத்தில் ஒரு கைதட்டல்: எடிட்டிங்கில் இரண்டையும் பொருத்த அதுதான் அடையாளம்.

டியூப்லைட் வெளிச்சத்தில் படத்தில் பட்டை பட்டையாக ஓடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கேமராவின் ப்ரோ மோடில் (அமைப்புகளை நாமே மாற்றும் முறை) ஷட்டரை 1/50 நொடி ஆக்கினால் அடங்கும். அந்த வசதி இல்லாத போனா, லைட்டை அணைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார வையுங்கள்.

'உன் கஷ்டத்தைச் சொல்லும்மா' என்று ஆரம்பிக்காதீர்கள். 'காலையில் எத்தனை மணி பஸ்? அதை விட்டால் அடுத்தது எப்போ?' என்று கேளுங்கள். கேள்வியையும் சேர்த்துப் பதில் சொல்லச் சொல்லுங்கள், உங்கள் குரலை வெட்டிவிடலாம். அழுதால் பதிவை நிறுத்துங்கள். சோக வயலின் வேண்டவே வேண்டாம்.

இடையில் செருக பஸ் நிறுத்தம், புத்தகம், மெஸ் பில் என ஆறேழு காட்சிகளைத் தலா 10 நொடி எடுத்து வையுங்கள். பில்லில் பெயரையும் எண்ணையும் மறையுங்கள்.

எடிட்டிங்குக்கு விஎன் செயலி போதும். கைன்மாஸ்டர் இலவசப் பதிப்பு வாட்டர்மார்க் போடும். தமிழ் சப்டைட்டில் அவசியம், பலர் சத்தமில்லாமல்தான் பார்க்கிறார்கள்.

பின்சேர்க்கை: கடைசியில் கியூஆர் மட்டும் காட்டினால், அதே போனில் வீடியோ பார்ப்பவர் எதை வைத்து ஸ்கேன் செய்வார்? யுபிஐ ஐடியை வாட்ஸ்அப் செய்தியிலேயே எழுத்தாகப் போடுங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர்களிடம் அறக்கட்டளை பணம் வாங்க எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அந்தச் சிக்கல் இல்லை. வீடியோவுக்குக் கீழே இதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.