மயிலாப்பூரில் வீடு பார்க்கிறீர்களா?

கபாலீஸ்வரர் கோயிலைச் சுற்றியுள்ள மாட வீதிப் பக்கம் வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள் ஞாயிறு காலையில் போய்ப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். பிரதோஷத்தன்று சாயங்காலம் ஆறு மணிக்குப் போய், பால்கனிக் கதவைத் திறந்துவைத்துப் பத்து நிமிஷம் நில்லுங்கள். கோயில் கூட்டமும் ஆட்டோ ஹாரனும் எவ்வளவு தூரம் வீட்டுக்குள் வரும் என்பது அப்போதுதான் தெரியும். சந்து உள்ளே தள்ளி இருக்கும் வீடு என்றால் சத்தம் பாதியாகக் குறையும்.

வண்டி இருக்கிறதா? பங்குனித் திருவிழாவில் தேரன்றும் அறுபத்துமூவர் ஊர்வலத்தன்றும் மாட வீதிகளில் சைக்கிள்கூட நகராது. முந்தின இரவே வண்டியை லஸ் சந்திப்பைத் தாண்டி எங்காவது தெரிந்தவர் வீட்டில் நிறுத்திவிடுங்கள். முதல் வருஷம் இது தெரியாமல் நான் அலுவலகத்துக்கு லீவு போட வேண்டியதாயிற்று (தேரைப் பார்த்தேன், நஷ்டமில்லை). நவராத்திரிக்கு வடக்கு மாட வீதியில் கொலு பொம்மைக் கடைகள் வந்துவிடும். அப்போதும் பறக்கும் ரயில்தான் நல்லது, திருமயிலை நிலையம் நடக்கிற தூரம்.

சரி, லாபமும் உண்டு. மார்கழி இசை சீசனில் சபாக்களின் மதியக் கச்சேரிகள் பெரும்பாலும் இலவசம், பாடுகிறவர்களும் இளம் கலைஞர்கள். பெரிய வித்வான்களுக்கு டிக்கெட் கிடைக்காவிட்டாலும் சபா கேன்டீனுக்குப் பொதுவாக டிக்கெட் கேட்பதில்லை. இலைச் சாப்பாடு வேண்டுமானால் பன்னிரண்டு மணிக்கு முன்னால் போய்விடுங்கள்.