மேல்மணியைப் பார்த்து விலை பேசாதீர்கள்: இருதயத்தைச் சோதிக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

ரங்கூனில் பருப்பு வியாபாரம் செய்கிறவன் கைக்கெட்டிய இடத்தில் எப்போதும் ஒரு குத்தூசி கிடக்கும். சாக்கைப் பிரிக்காமலே உள்ளே சொருகி இழுத்தால், நடுமூட்டையில் இருக்கும் உளுந்து உள்ளங்கையில் வந்து விழும். மூட்டையின் வாயில் கிடக்கும் மணி நன்றாகத்தான் இருக்கும். கட்டுகிறவன் அதற்கென்றே நல்லதாகப் பார்த்துப் போட்டிருப்பான். இருபது வருஷமாகக் குத்தூசி பிடித்தவன் நான். ஆனால் என் விசுவாசத்தை மட்டும் மேல்மணியைப் பார்த்தே மதிப்புப் போட்டுக்கொண்டிருந்தேன்.

முதலில் செய்கிற தவறு, அடுத்தவன் மூட்டையைக் குத்துவது. "நீங்கள் விசுவாசமுள்ளவர்களோவென்று உங்களை நீங்களே சோதித்து அறியுங்கள்" என்று பவுல் எழுதியது கொரிந்து சபைக்கு (2 கொரிந்தியர் 13:5). ஏன் எழுதினார் என்று இரண்டு வசனம் மேலே போய்ப் பார்த்தால் தெரியும். கிறிஸ்து உமக்குள் பேசுகிறார் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று அவர்கள்தான் பவுலைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஊசியை அவர்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். நானும் அப்படித்தான். மாயக்காரரைப் பற்றிப் பிரசங்கம் வந்தால், அது மூன்றாவது வரிசைக்காரருக்கா, பாடகர் குழுவில் ஓரமாக நிற்கிறவருக்கா என்று நான் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் ஆமென் வந்துவிடும்.

அடுத்தது கண்ணீர். இதை நம் ஊரில் கொஞ்சம் நிதானமாகவே பார்க்க வேண்டும். பிள்ளைகள் பள்ளியிலும் தெருவிலும் பர்மியம் பேசுகிறார்கள். பல வீடுகளில் தமிழ் பாட்டியோடும் கோயிலோடும் நின்றுபோயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய கீர்த்தனையை எடுத்ததும் தொண்டை அடைக்கிறது. அது தேவனை நினைத்து அடைக்கிறதா, அப்பா பக்கத்தில் நின்று அதே பாட்டைப் பாடியதை நினைத்தா, போய்க்கொண்டிருக்கும் மொழியை நினைத்தா? மூன்றும் கலந்திருக்கலாம். அதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் அதை எடுத்து விசுவாசக் கணக்கில் வரவு வைப்பதுதான் தவறு. எனக்குத் தெரிந்த சோதனை ஒன்று உண்டு: அதே வார்த்தையை இராகம் இல்லாமல், பர்மிய மொழியில், வேர்த்துக் கொட்டும் மத்தியானத்தில் கேட்டால் உள்ளே ஏதாவது அசைகிறதா?

தாத்தாவின் விசுவாசமும் அப்படித்தான். 1941 டிசம்பரில் ரங்கூன்மேல் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது எங்கள் தாத்தா வேதாகமத்தைத் தலையணைக்குள் வைத்துத் தைத்துவிட்டார் என்று வீட்டில் பெருமையாகச் சொல்வோம். உண்மையாகவே இருக்கட்டும். தைத்தது அவர்.

மாய்மாலம் என்றால் என்ன என்பதிலேயே நமக்குக் குழப்பம் இருக்கிறது. மனம் ஒட்டாமல் ஜெபிப்பதும், பிடிக்காமல் கோயிலுக்குப் போவதும் மாய்மாலம் என்று நினைத்து, வாலிபப் பிள்ளைகள் "நடிக்க விரும்பவில்லை" என்று நின்றுவிடுகிறார்கள். சுவிசேஷத்தில் மாயக்காரன் என்று வருகிற இடத்தில் உள்ள கிரேக்கச் சொல்லுக்கு நாடக மேடையில் நடிப்பவன் என்று பொருள். நடிகனுக்கு ஆள் வேண்டும். பார்க்க ஆளே இல்லாத இடத்தில், ஈரமில்லாத மனசோடு, "கர்த்தாவே, எனக்கு ஒன்றும் வரவில்லை" என்று முழங்காலில் கிடப்பவன் நடிக்கவில்லை, போராடுகிறான். கைதட்டு நின்றதும் மேடையை விட்டு இறங்குகிறவன்தான் நடிகன்.

அது நான்தான் என்பது கரண்டு போன ஒரு ராத்திரியில் தெரிந்தது. வீட்டு ஜெபக்கூட்டம், என் முறை, கையில் மைக். நாட்டின் சமாதானத்துக்காக, வியாதிக்காரருக்காக, பிள்ளைகளுக்காக என்று ஜெபம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. வழக்கம்போல் கரண்டு போயிற்று. மைக் செத்தது. முன்வரிசைக்கு மட்டும் கேட்கும் குரலில் இரண்டு வாக்கியம் சொல்லி ஆமென் போட்டுவிட்டேன். ஜெபிக்க வேண்டியவை இன்னும் எவ்வளவோ இருந்தன.

வீட்டுக்குப் போகும் வழியில் மனைவியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "சாமிகிட்ட 'நீர், உம்மை'ன்னு எவ்வளவு மரியாதையாப் பேசுறீங்க. கடைப்பையனை ஒரு நாளாவது பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கீங்களா? 'டேய்'தானே?" என்றாள்.

காண்கிற சகோதரனிடத்தில் அன்புகூராமல் காணாத தேவனிடத்தில் எப்படி அன்புகூருவாய் என்று யோவான் கேட்கிறதை நான் சின்ன வயதிலேயே மனப்பாடம் செய்தவன். அந்தப் பையன் தினமும் அக்கரையிலிருந்து படகில் வருகிறான். என் குத்தூசி போக வேண்டிய இடம் கோயில் இல்லை, கல்லாப்பெட்டிப் பக்கம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. நல்லவர்கள்தான் அதில் அதிகம் விழுகிறார்கள்: குத்திக்கொண்டே இருப்பது. நம் ஊரிலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன் 1813-இல் ரங்கூனில் வந்து இறங்கினார். முதல் ஆளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தது 1819-இல், ஆறு வருஷம் கழித்து. ஆங்கிலேயருக்கும் பர்மாவுக்கும் நடந்த யுத்த காலத்தில் சிறையில் கிடந்தார். 1826-இல் மனைவி ஆன் இறந்தார், ஆறே மாதத்தில் கைக்குழந்தையும் போயிற்று. அதற்குப் பிறகு, தான் ஊழியத்துக்கு வந்ததே புகழுக்காகத்தானோ என்று தன்னையே துருவ ஆரம்பித்தார். தன்னைப் பாராட்டி வந்த கடிதங்களை அழித்தார். கௌரவ டாக்டர் பட்டத்தை வேண்டாம் என்றார். மோல்மேன் பக்கம் காட்டுக்குள் குடிசை போட்டு, பக்கத்தில் தனக்கே ஒரு குழி வெட்டி, அதன் ஓரத்தில் உட்கார்ந்து சாவைத் தியானித்தார். 1829-இல், தேவனை நம்புகிறேன், ஆனால் அவரைக் காணவில்லை என்று எழுதும் அளவுக்குப் போய்விட்டார்.

மாய்மாலத்தை அவ்வளவு வெறுத்த மனுஷன். குழியோரத்தில் அவருக்குக் கிடைத்தது இருட்டுதான். மெல்ல மெல்ல எழுந்து வேலைக்குத் திரும்பினார். 1834-இல் பர்மிய வேதாகம மொழிபெயர்ப்பை முடித்தார். எழுந்து போனதுதான் சரி என்பது என் எண்ணம். மூட்டையைப் பத்து இடத்தில் குத்தினால் தரம் தெரிந்துவிடும். நூறு இடத்தில் குத்தினால் சாக்கு கந்தலாகி உளுந்து தெருவில் ஓடும். நம் இருதயமே நம்மைக் குற்றவாளியாகத் தீர்த்தாலும் தேவன் நம் இருதயத்திலும் பெரியவர் என்கிறதை இந்த மாதிரி ஆட்கள்தான் வாசிக்க வேண்டும். என்னைப் போன்றவர்கள் அந்த வசனத்தில் அவசரமாக ஒதுங்கக் கூடாது.

திருவிருந்து விஷயத்திலும் இதே கோளாறு. அண்ணன் தம்பிக்குள் வழக்கு, அதனால் நான்கு மாதமாகப் பந்திக்கு வருவதில்லை, கேட்டால் "என்னைச் சோதித்துக்கொண்டிருக்கிறேன்" என்று பதில். ஆனால் வசனம் சோதிப்பதோடு நிற்கவில்லை. தன்னைச் சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசிக்கக்கடவன் என்று போகிறது. தம்பி வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்து உட்கார் என்பதுதான் அதற்கு வழி. போகாமலிருக்க ஒரு பக்தியான சாக்கு கிடைத்துவிட்டதே என்றுதான் எனக்குத் தோன்றும்.

சாக்கு என்றதும் என் விஷயம். மேல்பர்மாவிலிருந்து வரும் விவசாயிகளிடம் மூட்டைக்கு ஒரு விசை என்று சாக்கு எடை கழிப்பது என் கடை வழக்கம். ஒரு விசை சுமார் 1.63 கிலோ. அப்பா காலத்துப் பழக்கம், யாரும் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை. அந்தக் கரண்டு போன ராத்திரிக்குப் பிறகு வந்த முதல் லோடில், காலிச் சாக்கு ஒன்றை மடித்துத் தராசில் வைக்கச் சொன்னேன், பையனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு. அவன் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டுத்தான் வைத்தான். முள் முக்கால் விசையைக்கூடத் தொடவில்லை.

"எவ்வளவுன்னு எழுதட்டும் முதலாளி?" என்றான், நோட்டைத் திறந்தபடி.